மூன்று தளங்களுக்கு ஒரே ரவுட்டர்: மேல்மாடிக்கு வைஃபை ஏறுவதில்லை

மாடிவாசி – ஜனவரி 6, மாலை

எங்கள் வீடு மூன்று தளங்கள் கொண்டது. இணைய இணைப்பு தரைத்தளத்தின் முன்பக்க மூலையில் வந்து முடிகிறது. ரவுட்டரும் அங்கேதான் இருக்கிறது. முதல் தளத்தில் ஒருவாறு சமாளிக்க முடிகிறது. இரண்டாம் தளத்தின் பின்பக்க அறையில், நான் வேலை செய்யும் மேசையில், காணொளி அழைப்பு ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தாலே அதிசயம். சென்ற வாரம், வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி மேசைக்கு அருகிலேயே செருகினேன். இப்போது கைப்பேசியில் சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிகின்றன, ஆனால் வேகம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ரவுட்டருக்கு ஆற்றல் போதவில்லை என்பதே என் முடிவு. எட்டு ஆண்டெனா உள்ள பெரிய ரவுட்டர் ஒன்றை வாங்கினால் தீர்ந்துவிடும் அல்லவா?

கம்பிக்காரன் – ஜனவரி 6, இரவு

தீராது.

கைப்பேசியில் தெரியும் கோடுகள் கைப்பேசிக்கும் அதன் பக்கத்தில் இருக்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள தொடர்பை மட்டுமே காட்டுகின்றன. ரிப்பீட்டருக்கும் கீழே இருக்கும் ரவுட்டருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை அந்தக் கோடுகளில் பார்க்க முடியாது. சிக்னல் ஏறத்தாழ மடிந்துவிடும் இடத்தில் ரிப்பீட்டரைச் செருகியிருக்கிறீர்கள். காது மந்தமான ஒருவர் அரைகுறையாகக் கேட்டதை உரத்த குரலில் ஒப்பிப்பதைப் போல, கிடைத்த துணுக்குகளை அது முழு வலிமையோடு உங்களுக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றி, முதல் தளத்திலிருந்து இரண்டாம் தளத்துக்கு ஏறும் படிக்கட்டின் திருப்பத்தில் வையுங்கள். மேசையில் கோடுகள் குறையும், வேகம் கூடும்.

எட்டு ஆண்டெனாவைப் பற்றி: ரவுட்டர் வெளியிடும் ஆற்றலுக்குச் சட்டம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆண்டெனாக்களின் எண்ணிக்கை கூடுவதால் அந்த வரம்பு உயர்ந்துவிடாது. மேலும் வைஃபை என்பது வானொலியைப் போல ஒருவழிப் பேச்சு அல்ல. ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கூவினாலும், சிறிய மின்கலத்தை வைத்துக்கொண்டு கைப்பேசி முணுமுணுக்கும் பதில் கீழே போய்ச் சேர்ந்தாக வேண்டும். அது சேராவிட்டால் ஒவ்வொரு தரவுத் துண்டும் மறுபடியும் மறுபடியும் அனுப்பப்படும்.

நானும் இதே பிழையைச் செய்தவன்தான். என்னுடைய ரிப்பீட்டர் மூன்று ஆண்டுகளாக இழுப்பறையில் உறங்குகிறது.

கம்பிக்காரன் – ஜனவரி 7, காலை

இரவு எழுதியதை மீண்டும் படித்தேன். எட்டு ஆண்டெனாக்களைச் சற்று அதிகமாகவே கேலி செய்துவிட்டேன். ஒலிபரப்பும் ஆற்றலில் அவை பெரிதாக எதையும் சாதிப்பதில்லை என்பது சரி; ஆனால் கேட்கும் திறனில் உதவுகின்றன. பல ஆண்டெனாக்களில் வந்து சேரும் நலிந்த சிக்னல்களை ஒன்று சேர்த்து, கைப்பேசியின் முணுமுணுப்பை இன்னும் கொஞ்சம் தெளிவாகப் பிரித்தெடுக்க அவற்றால் முடியும். அந்தக் கொஞ்சம் இரண்டு கான்கிரீட் தளங்களைத் தாண்டப் போதுமா என்றால், போதாது என்றே இன்னமும் சொல்வேன்.

எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். கோடுகளை நம்ப வேண்டாம். ஒவ்வொரு கைப்பேசி நிறுவனமும் தன் விருப்பப்படி கோடு போடுகிறது. வைஃபை சிக்னலை டிபிஎம் என்ற டெசிபல் அளவில் எண்ணாகக் காட்டும் இலவசச் செயலிகள் உள்ளன. அவற்றில் ஒன்றை நிறுவிக்கொண்டு, ரவுட்டருக்கு ஒரு மீட்டர் தொலைவில், முதல் தளத்தின் நடுவில், படிக்கட்டுத் திருப்பத்தில், உங்கள் மேசையில் என நான்கு இடங்களில் ஒரு நிமிடம் அசையாமல் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தும் மூடியும் ஒருமுறை, உங்கள் உடல் ரவுட்டரின் திசையை மறைக்கும்படி திரும்பி நின்று ஒருமுறை. மனித உடல் பெரும்பாலும் நீர் என்பதால் அலைகளை நன்றாகவே விழுங்கும்.

–50 சுற்றுவட்டாரத்தில் இருந்தால் சிறப்பு. குரல், காணொளி அழைப்புகளுக்கு –67 வரை நம்பலாம் என்பது இத்துறையினர் வழக்கமாகப் பின்பற்றும் எல்லை. –75 என்றால் பக்கங்கள் திறக்கும், அழைப்பு இடறும். –85 என்றால் பெயர் மட்டும் பட்டியலில் தெரியும்.

கம்பிக்காரன் – ஜனவரி 7, மதியம்

–80 என்பது –50ஐவிடப் பெரிய எண்தானே, அப்படியானால் அதுதானே நல்லது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கடன் கணக்காக நினைத்துக்கொள்ளுங்கள். எண்பது கடன் வைத்திருப்பவரைவிட ஐம்பது கடன் வைத்திருப்பவர் வசதியானவர்.

ஆனால் இந்தக் கடன் நேர்கோட்டில் வளர்வதில்லை. 3 டெசிபல் குறைந்தால் ஆற்றல் பாதியாகிறது. 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. ஆகவே ஒரு சுவர் "வெறும்" பத்து டெசிபலைத்தான் தின்றது என்று யாராவது சொன்னால், அந்த "வெறும்" என்ற சொல்லை அடித்துவிட்டுப் படியுங்கள்.

கம்பிக்காரன் – ஜனவரி 9

ஒரே தளத்தில் இருபது மீட்டர் தள்ளி இருக்கும் அறையில் வேலை செய்யும் வைஃபை, தலைக்கு மேலே மூன்று மீட்டரில் இருக்கும் அறையில் ஏன் திணறுகிறது என்ற கேள்வி என்னை வெகுநாள் குழப்பியது. காரணங்கள் இரண்டு. இரண்டுமே முதலில் எனக்குத் தோன்றியவை அல்ல.

முதலாவது காரணம் கான்கிரீட் என்றே எல்லோரும் சொல்வோம். அதற்குள் இருக்கும் இரும்பைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். தளத்தை வார்க்கும்போது குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டிய வலையை உள்ளே வைத்தே வார்க்கிறார்கள். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், கம்பிகளுக்கு இடையிலான இடைவெளியும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் அமைகிறது. அப்படிப்பட்ட வலை அலையின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், மீதியில் ஒரு பகுதியைக் கான்கிரீட்டும் அதில் தங்கியிருக்கும் ஈரமும் தின்றுவிடும். அத்துடன், நேர் மேலே போகும் அலை தளத்தின் தடிமனை மட்டும் கடந்தால் போதும். முன்மூலையிலிருந்து பின்மூலைக்குச் சாய்வாகப் போகும் அலையோ அதே தளத்துக்குள் கூடுதல் தூரம் பயணம் செய்கிறது. உங்கள் ரவுட்டர் முன்மூலை, உங்கள் மேசை பின்மூலை. வீட்டிலேயே மிக மோசமான கோட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

இரண்டாவது, ஆண்டெனாவின் வடிவம். குச்சி போன்ற ஆண்டெனா அலைகளை எல்லாத் திசைகளிலும் சமமாக வீசுவதில்லை. நடுவில் குச்சியைச் செருகிய ஒரு வளையத்தைக் கற்பனை செய்யுங்கள். அலைகள் அந்த வளையத்தின் வடிவில் பக்கவாட்டில் பரவுகின்றன. குச்சியின் நுனி சுட்டும் திசையில் கிட்டத்தட்ட ஒன்றுமே போவதில்லை. ஆண்டெனாக்களை எல்லாம் விறைப்பாக நிமிர்த்தி வைத்து, அவை மேல்மாடியை நோக்கிக் குறிபார்க்கின்றன என்று பல மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தவன் நான். உண்மையில் அவை மேல்மாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன.

ஒரு குச்சியை மட்டும் படுக்கவைத்துப் பார்த்தேன். நேர் மேலே இருந்த அறையில் ஆறு டெசிபல் ஏறியது; தரைத்தளத்தின் மறுகோடியில் இரண்டு இறங்கியது. செலவில்லாமல் கிடைத்த ஆறு டெசிபல் எனக்கு அன்று பெரிய செல்வமாகத் தெரிந்தது.

கம்பிக்காரன் – ஜனவரி 10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நண்பர் ஆண்டெனாக்கள் அனைத்தையும் படுக்கவைத்துவிட்டார், தரைத்தளம் சோர்ந்துவிட்டதாம். ஒன்றை மட்டும், அதிகம் போனால் பாதியை. உள்ளேயே ஆண்டெனாவை மறைத்து வைத்திருக்கும் வழவழப்பான பெட்டிகளுக்கு இந்தக் கலை பொருந்தாது. அவற்றுக்குச் செய்யக்கூடியது, தரையிலிருந்தும் இரும்பு அலமாரிக்குள்ளிருந்தும் மீட்டு உயரத்தில் வைப்பதுதான். மீன்தொட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி, குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றின் பின்னாலும் ரவுட்டரை வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே வீட்டில் மூன்றும் இருந்ததைப் பார்த்ததில்லை. அந்தப் பெருமை இன்னும் யாருக்கோ காத்திருக்கிறது.

கம்பிக்காரன் – ஜனவரி 12

5 கிகாஹெர்ட்ஸ் நல்லதா, 2.4 நல்லதா என்ற பழைய வழக்கு இங்கேயும் வந்துவிட்டது.

இரண்டு பக்கமும் ஒரே வகை ஆண்டெனாவை வைத்துக்கொண்டால், வெட்டவெளியில் ஒரே தொலைவில் 5 கிகாஹெர்ட்ஸ் ஏறத்தாழ 7 டெசிபல் பின்தங்கியே தொடங்குகிறது. கான்கிரீட்டிலும் செங்கல்லிலும் அது இன்னும் அதிகமாக இழக்கிறது. 6 கிகாஹெர்ட்ஸ் அதைவிடச் செல்லப்பிள்ளை, அடுத்த அறையைத் தாண்டுவதற்கே முகம் சுளிக்கும். ஆகவே இரண்டு தளம் ஏறி வருவது 2.4 மட்டுமே. ஆனால் அது ஏறி வருகிறது என்பதற்காக அது நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்தக்கூடிய சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. உங்கள் வீட்டு அலை தளங்களைத் தாண்டி மேலே வருவதைப் போலவே அண்டை வீட்டு அலைகளும் சுவர்களைத் தாண்டி உங்கள் மேசைக்கு வருகின்றன. மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. புளூடூத்தும் அங்கேதான் நடமாடுகிறது. யுஎஸ்பி 3 வன்தட்டும் அதன் கேபிளும் 2.4 பகுதியில் இரைச்சலைக் கசியவிடும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆவணம் வெளியிட்டது. மடிக்கணினியில் வன்தட்டைச் செருகியதும் வைஃபை நொண்டினால் திகைக்க வேண்டாம்.

2.4இல் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸுக்கே கட்டிப்போடுங்கள். 40 என்று வைத்தால் பெட்டியின் மேல் எழுதிய வேகம் கிடைக்கும் என்று நினைத்து நான் வைத்திருந்தேன். கிடைத்தது அண்டை வீடுகள் அனைத்தின் இரைச்சலும்தான்.

மாடிவாசி – ஜனவரி 15

அளந்தேன். ரவுட்டருக்கு அருகில் –42, முதல் தளத்தின் நடுவில் –58, படிக்கட்டுத் திருப்பத்தில் –61, மேசையில் –83. ரிப்பீட்டரைத் திருப்பத்துக்கு மாற்றிய பின் மேசையில் 35 மெகாபிட் வருகிறது. முன்பு 6 வந்தது. ரவுட்டருக்கு அருகில் 190 வருகிறது. 35 போதும் என்று மனைவி சொல்கிறார். எனக்கு மீதி 155 எங்கே போகிறது என்று தெரிய வேண்டும்.

கம்பிக்காரன் – ஜனவரி 15, இரவு

–42க்கும் –83க்கும் இடையில் 41 டெசிபல். ரவுட்டருக்கு அருகில் கிடைப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட மேசைக்கு வரவில்லை. அப்படியிருந்தும் பெயர் தெரிந்தது, 6 மெகாபிட் வந்தது என்பதே வைஃபையின் பொறுமைக்குச் சான்று.

மீதி 155இல் ஒரு பங்கு பயணத்தில் கரைகிறது. மற்றொரு பங்கை ரிப்பீட்டரே தின்கிறது. ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ரவுட்டர் சொல்வதை ரிப்பீட்டர் கேட்கும்போது உங்கள் மடிக்கணினி வாயை மூடியிருக்க வேண்டும். பிறகு ரிப்பீட்டர் அதையே மடிக்கணினிக்குச் சொல்லும்போது ரவுட்டர் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லும் காற்றில் இருமுறை செலவாகிறது. எனவே ஒற்றை ரேடியோ (அலையை அனுப்பி வாங்கும் பகுதி) உள்ள ரிப்பீட்டர் எவ்வளவு நல்ல இடத்தில் இருந்தாலும் வேகம் பாதியாகும். இரண்டு அலைவரிசைகள் உள்ள ரிப்பீட்டராக இருந்தால் ரவுட்டரோடு 5இலும் மடிக்கணினியோடு 2.4இலும் பேசச் சொல்லுங்கள், அல்லது நேர்மாறாக. இரண்டையும் வைத்துப் பார்த்து, எது கூடுதல் தருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மனைவி சொல்வதிலும் நியாயம் உண்டு. காணொளி அழைப்புக்குச் சில மெகாபிட்டுகளே போதும். அழைப்பைக் கெடுப்பது பெரும்பாலும் வேகக் குறைவு அல்ல, தாமதத்தில் ஏற்படும் துள்ளல். மேசையிலிருந்து ரவுட்டரின் முகவரிக்குப் பிங் (சிறு செய்தி அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை) ஓடவிட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். 3, 4, 3, 5 மில்லிநொடி என்று வந்தால் நிம்மதி. 4, 90, 7, 240 என்று வந்தால் 35 மெகாபிட் இருந்தும் முகங்கள் உறையும்.

கம்பிக்காரன் – ஜனவரி 18

மெஷ், அதாவது ஒரே வலையமைப்பாகச் சேர்ந்து இயங்கும் வைஃபை பெட்டிகளின் தொகுப்பு, வாங்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டனர். மெஷ் என்பது அலங்கார உடையணிந்த ரிப்பீட்டர் என்று ஓராண்டுக்கு முன் வேறோர் இடத்தில் எழுதியிருந்தேன். அந்தத் தீர்ப்பைப் பாதியாகத் திரும்பப் பெறுகிறேன்.

நண்பர் வீட்டில் மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று ரேடியோக்கள் இருந்தன. ஒன்று பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அதனால் காற்று இருமுறை செலவாகும் சிக்கல் பெரிதும் குறைந்தது. எந்தப் பெட்டி எதனோடு பேசுவது, எந்தச் சேனலில் பேசுவது என்பதை எல்லாம் அவையே தீர்மானித்துக்கொண்டன. நண்பருக்குத் தொழில்நுட்பத்தில் துளியும் ஆர்வம் இல்லை. அவருக்கு அது மிகச் சரியான பொருள்.

ஆனால் பெட்டிகளுக்கு இடையிலும் அதே கான்கிரீட்தான் இருக்கிறது. முதலில் தளத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஓர் அறையின் நடுவில் வரும்படி அழகாக வைத்தோம். மூன்றாவது பெட்டி அரைமணிக்கு ஒருமுறை துண்டித்துக்கொண்டது. பிறகு மூன்றையும் படிக்கட்டை ஒட்டி, ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி வைத்தோம். படிக்கட்டு என்பது தளத்தில் விட்டிருக்கும் ஓட்டை. அலைகளும் மனிதர்களைப் போலவே அதில் ஏறிப்போகின்றன. துண்டிப்பு நின்றது. இரண்டே ரேடியோக்கள் உள்ள மெஷ்களில் பெட்டிகள் தமக்குள் பேசுவதற்கும் உங்களோடு பேசுவதற்கும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் என்பதால், பழைய பாதிக் கணக்கு அங்கே மறுபடியும் வந்துவிடும். பெட்டியின் மேல் "இரு பேண்ட்" என்று எழுதியிருக்கிறதா, "மூன்று பேண்ட்" என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது அதன் ஆண்டெனாக்களை எண்ணுவதைவிடப் பயனுள்ளது.

கம்பிக்காரன் – ஜனவரி 21

இதுவரை சுற்றி வளைத்ததற்குக் காரணம், என் விடையை முதல் நாளே சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். கேபிள் இழுங்கள். என் பெயரைப் பார்த்தே ஊகித்திருப்பீர்கள்.

ரவுட்டரிலிருந்து மேல்தளத்துக்கு ஓர் ஈதர்நெட் கேபிள், அதன் முனையில், கம்பியில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் ஓர் அணுகல் முனையம். கான்கிரீட்டைத் தாண்ட வேண்டிய வேலை கம்பிக்குப் போய்விடுகிறது. வைஃபைக்கு மிஞ்சுவது அறைக்குள் இருக்கும் சில மீட்டர்கள் மட்டுமே. அந்த வேலையை அது மிக நன்றாகச் செய்யும். ஈதர்நெட் 100 மீட்டர் வரை போகலாம். கேட்5இ கேபிளே நொடிக்கு ஒரு கிகாபிட்டைச் சுமக்கும், கேட்6 என்றால் 55 மீட்டர் வரை பத்து கிகாபிட்கூடப் போகும். மூன்று தளங்களுக்கு முப்பது மீட்டரே தாராளம்.

சுவரை உடைக்க வேண்டும் என்ற அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. பழைய தொலைபேசிக் கம்பியோ தொலைக்காட்சிக் கேபிளோ போன குழாய் பல வீடுகளில் சுவருக்குள் சும்மா கிடக்கிறது. பழைய கம்பியின் நுனியில் புதியதைக் கட்டி மறுபுறம் இழுத்தால் வந்துவிடும். இல்லாவிட்டால் சன்னல் சட்டத்தின் ஓரமாக வெளியே எடுத்துச் சுவரோடு ஏற்றலாம். வெயிலைத் தாங்கும் கறுப்பு உறையுள்ள கேபிளாக வாங்குங்கள், உள்ளறைக் கேபிளின் உறை வெயிலில் சில ஆண்டுகளில் நொறுங்கும். மின்கம்பி போகும் அதே குழாய்க்குள் மட்டும் இதைச் செருகாதீர்கள். அது சிக்னலுக்கும் கெடுதல், உயிருக்கும் கெடுதல்.

வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளும் அதே நிறத்தில், அதே எழுத்துகளோடு கிடைக்கிறது. வளைத்தால் முறியும், முனையில் தளரும்.

முனையில் பிளக்கை நானே அழுத்திப் பொருத்தினேன். எட்டு கம்பிகளையும் டி568பி என்ற நிற வரிசையில் அடுக்கி, மனநிறைவோடு அளந்தால் 94 மெகாபிட். எத்தனை முறை அளந்தாலும் 94. 93கூட இல்லை, 95கூட இல்லை. ரவுட்டரையும் இணைய நிறுவனத்தையும் மாறிமாறிச் சந்தேகித்து ஒரு வாரம் கழித்தேன். கிகாபிட் இணைப்புக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட் இணைப்புக்கு இரண்டு ஜோடிகள் போதும். என் எட்டில் ஒரு கம்பி பிளக்கின் பல்லைத் தொடவில்லை, அதனால் இரு பக்கமும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிச் சமாதானம் செய்துகொண்டிருந்தன. பிளக்கை வெட்டிப் புதிதாகப் பொருத்தியதும் சரியானது. உங்களுக்கும் 94 வந்தால் வேறெங்கும் தேடாதீர்கள்.

கம்பிக்காரன் – ஜனவரி 22

பழைய ரவுட்டரையே அணுகல் முனையமாகப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு: தாராளமாக. அதன் முகவரியை முதன்மை ரவுட்டரோடு மோதாதபடி மாற்றுங்கள்; முதன்மை 192.168.1.1 என்றால் இதை 192.168.1.2 ஆக்குங்கள். கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபியை அணையுங்கள். கேபிளை அதன் நீலநிற இணையத் துளையில் செருகாமல், சாதாரண லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். அதிலேயே "அணுகல் முனைய நிலை" என்று ஒரு தேர்வு இருந்தால் இவை அனைத்தையும் அதுவே செய்துகொள்ளும்.

டிஎச்சிபியை அணைக்க மறந்தால் வீட்டில் முகவரி வழங்கும் அதிகாரிகள் இருவர் ஆகிவிடுவார்கள். சில கருவிகளுக்கு இணையம் வரும், சிலவற்றுக்கு வராது, எவற்றுக்கு என்பது நாளுக்கு நாள் மாறும்.

இதைவிடக் கொடிய ஒன்றையும் செய்திருக்கிறேன். மேசைக்குக் கீழே தொங்கிய கேபிள் முனையைப் பார்த்து, எங்கிருந்தோ கழன்றுவிட்டது என்று எண்ணி, பல ஈதர்நெட் கேபிள்களை ஒன்றிணைக்கும் சுவிட்ச் பெட்டியில் காலியாக இருந்த துளையில் செருகினேன். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. அனைவருக்கும் என்று அனுப்பப்படும் செய்திகள் அந்த வளையத்துக்குள் சுற்றிச்சுற்றிப் பெருகி, இரண்டே நொடிகளில் வீடு முழுவதும் வலையமைப்பு முடங்கியது. சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் வெறிபிடித்தாற்போல் மின்னின. நான் இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசியில் கோபமாகப் புகார் சொல்லிக்கொண்டே அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பிக்காரன் – ஜனவரி 25

மின்கம்பி வழியாக இணையம் அனுப்பும் பவர்லைன் அடாப்டர்களைப் பற்றி ஒருவர் கேட்டபோது "பயனற்றவை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அவர் விடவில்லை. தன் வீட்டில் 120 மெகாபிட் வருகிறது என்று படத்தோடு காட்டினார். என் வீட்டில் 11 வந்தது.

என்னுடையதை மீண்டும் எடுத்துச் சோதித்தேன். முன்பு இரண்டையும் நீட்டிப்புப் பலகைகளில் செருகியிருந்திருக்கிறேன். ஒன்று மின்னெழுச்சித் தடுப்பு உள்ளது. அந்தத் தடுப்பு உயர் அதிர்வெண்களை வடிகட்டுவதற்கென்றே இருக்கிறது. பவர்லைனின் சிக்னலோ அந்த உயர் அதிர்வெண்தான். சுவர்ச் செருகியில் நேரடியாகப் பொருத்தியதும் 60 வந்தது. கைப்பேசி மின்னூட்டி ஒன்றைப் பக்கத்துச் செருகியிலிருந்து எடுத்ததும் 70 தாண்டியது. ஆகவே "பயனற்றவை" என்பதை "வீட்டுக்கு வீடு மாறுபவை" என்று திருத்திக்கொள்கிறேன். மும்முனை மின்சாரம் உள்ள வீடுகளில் இரண்டு அடாப்டர்களும் ஒரே முனையில் அமைந்தால் நல்லது. வேறு வேறு முனைகளில் அமைந்தால் வேகம் பெரிதும் விழும். கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமென்றால் மட்டும் முயன்று பாருங்கள். எப்போதோ பதித்த தொலைக்காட்சிக் கேபிள் தளங்களுக்கு இடையில் சும்மா கிடந்தால், அதன் வழியாக ஈதர்நெட்டை அனுப்பும் மோகா அடாப்டர்கள் இவற்றைவிட நம்பகமானவை.

கம்பிக்காரன் – பிப்ரவரி 2

மாடிவாசி கேபிள் இழுத்துவிட்டதாகத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். பழைய தொலைபேசிக் குழாய்தான் கைகொடுத்தது. ஆனால் கைப்பேசியோடு தரைத்தளத்திலிருந்து மேலே ஏறினால், மேசையில் அமர்ந்த பிறகும் அது கீழே இருக்கும் ரவுட்டரையே பிடித்துத் தொங்குகிறது என்று வருந்துகிறார்.

எந்த முனையத்தோடு இணைவது என்று முடிவு செய்வது கைப்பேசி. ரவுட்டருக்கு அதில் கட்டளையிடும் அதிகாரமில்லை. சிக்னல் அதன் கணக்கில் மிகவும் இறங்கும்வரை பழைய உறவை அது விடாது. 802.11கே, 802.11வி என்ற தரங்கள் அருகில் யார் இருக்கிறார்கள், எங்கே போனால் நல்லது என்று கைப்பேசிக்குக் குறிப்புத் தருகின்றன, 802.11ஆர், மாறும் நொடியில் நடக்கும் கடவுச்சொல் சரிபார்ப்பைச் சுருக்குகிறது. உங்கள் பெட்டிகளில் இருந்தால் இயக்குங்கள். மிகப் பழைய கருவிகள் சில 802.11ஆர் இயங்கினால் இணையவே மறுக்கும், அப்போது அதை மட்டும் அணையுங்கள்.

இரண்டு முனையங்களுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு முறை. சேனல் மட்டும் வேறு. பிறகு, கேட்பதற்கு முரணாகத் தோன்றினாலும், தரைத்தள ரவுட்டரின் ஆற்றலை ஒரு படி குறையுங்கள். மேல்மாடி வரை எட்டிப் பார்க்கும் அதன் கை குறுகினால்தான் கைப்பேசிக்கு அதை விட மனம் வரும். எட்டு ஆண்டெனா வாங்கப் புறப்பட்டவரிடம் ஆற்றலைக் குறைக்கச் சொல்கிறேன் என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

கம்பிக்காரன் – பிப்ரவரி 3

நேற்றையதற்கு ஒட்டு: 5 கிகாஹெர்ட்ஸ் திடீரென மறைந்து ஒரு நிமிடம் கழித்து வேறு சேனலில் தோன்றினால் பெட்டி பழுது என்று எண்ண வேண்டாம். 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களோடு பகிர்ந்துகொள்கிறோம். ரேடார் போல ஏதாவது கேட்டால் பெட்டி உடனே விலகி, புதிய சேனலும் அந்தப் பகுதியிலேயே இருந்தால் குறைந்தது 60 நொடி காதுகொடுத்துக் கேட்ட பிறகே பேச வேண்டும் என்பது விதி. அடிக்கடி நடந்தால் 36க்கு மாற்றிவிடுங்கள்.

கம்பிக்காரன் – பிப்ரவரி 9

என் வீட்டிலேயே ஒரு மர்மம். கேபிள், இரண்டு முனையங்கள், அளவான ஆற்றல் என எல்லாம் சரியாக இருந்தும், இரண்டு வாரங்களாக முதல் தளத்தின் படிக்கட்டு அருகில் மட்டும் கைப்பேசி 8 மெகாபிட்டுக்கு விழுகிறது. சிக்னல் –38. அவ்வளவு நல்ல சிக்னலில் அவ்வளவு கெட்ட வேகத்தை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், இந்த இழையின் முதல் கேள்வியில்.

செயலியில் முனையங்களின் வன்பொருள் முகவரிகளைப் பார்த்தேன். என் வலையமைப்பின் பெயரை இரண்டு கருவிகள் ஒலிபரப்ப வேண்டும். மூன்று இருந்தன.

இழுப்பறையில் உறங்குவதாக எழுதியிருந்தேனே, அந்த ரிப்பீட்டர் அங்கே இல்லை. இரவு விளக்கு என்று நினைத்து மகள் அதைப் படிக்கட்டருகில் செருகியிருக்கிறாள். அதில் நீலநிறத்தில் ஒரு சிறு ஒளி எரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் கொடுத்த பெயரையும் கடவுச்சொல்லையும் அது மறக்கவில்லை.

மாடிவாசி – பிப்ரவரி 16

மேசையில் –49. வேகம் 178. ஒரு வாரமாக எந்த அழைப்பும் உறையவில்லை. முதல் இரண்டு நாள் 94 வந்தது. சொன்னபடி பிளக்கை வெட்டிப் புதிதாகப் போட்டேன். 35 போதும் என்று சொன்னவர் இப்போது என் மேசையில் அமர்ந்து வேலை செய்கிறார். ரிப்பீட்டரை என்ன செய்வது?

கம்பிக்காரன் – பிப்ரவரி 16, இரவு

முதலில் ஆரம்ப நிலைக்கு மீட்டமைத்து அதன் நினைவை அழியுங்கள். பிறகு "செருகாதீர்" என்று ஒரு தாளில் எழுதி அதன்மேல் ஒட்டி இழுப்பறையில் போடுங்கள். என்னுடையதில் அப்படித்தான் ஒட்டியிருக்கிறேன். நேற்று திறந்து பார்த்தபோது அதே தாளில், எனக்கு நன்கு தெரிந்த கையெழுத்தில், "அப்படியானால் எனக்கு வேறு விளக்கு வாங்கு" என்று எழுதியிருந்தது.